முகக்கவசத்துக்குப் பின்னால் ஒரு பினாங்குக்காரர்: டாக்டர் வூ லியென் தே

1907-ஆம் ஆண்டு, பினாங்கு சூலியா தெருவில் இருந்த ஓர் இளம் சீன மருத்துவரின் கிளினிக்குக்கு அதிகாரிகள் சோதனை ஆணையோடு வந்தார்கள். மருந்து அலமாரியில் அவர்கள் கண்டெடுத்தது ஒரே ஒரு அவுன்ஸ் அபின் டிஞ்சர்.

தோட்டத்து டிரெசர் நம் காயங்களுக்குத் தடவிய டிஞ்சர் வேறு, இது வேறு. இது அபினைச் சாராயத்தில் கரைத்துச் செய்த மருந்து. வயிற்றுப்போக்கு, தீராத இருமல், தாங்க முடியாத வலி ஆகியவற்றுக்குச் சொட்டுக் கணக்கில் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் இது இல்லாத மருத்துவர் அறையைக் காண்பது அரிது. சூலியா தெரு கிளினிக்கில் இருந்த புட்டி வாங்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தாலும் அதை வைத்திருக்க முறையான அனுமதி இல்லை என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் 100 வெள்ளி அபராதம் விதித்தது. மேல்முறையீடும் எடுபடவில்லை.

அபராதம் கட்டியவர் டாக்டர் வூ லியென் தே. மூன்றே ஆண்டுகள் கழித்து, உலகம் அதுவரை கண்டவற்றில் மிகக் கொடிய நுரையீரல் பிளேக்கை எதிர்த்து நிற்கப் போகிறவர். நான்கு ஆண்டுகள் கழித்து 11 நாடுகளின் நிபுணர்கள் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போகிறவர். சூலியா தெருவில் அன்று அதை யார் நினைத்திருப்பார்கள்?

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாம் எல்லோரும் முகக்கவசத்தோடு வரிசையில் நின்றோம். அதை நோய்த்தடுப்புக்கென்று பெரிய அளவில் மக்களுக்கு மாட்டிவிட்டவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிய வந்தது. ஆனால் வூவின் கதை முகக்கவசத்தோடு முடிந்துவிடுவதில்லை.

அவர் 1879 மார்ச் 10-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாயார் பினாங்கிலேயே பிறந்தவர். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் அவருடைய பெயர் கோ லீன் டக். வூ லியென் தே என்பது அதே பெயரின் மாண்டரின் உச்சரிப்பு; பிற்காலத்தில் சீனாவுக்குப் போனபோது அதுவே நிலைத்துவிட்டது.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த வூ, 1896-இல் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் வென்றார். அன்றைய நீரிணைக் குடியேற்றங்களில் ஏழை வீட்டுப் பிள்ளை இங்கிலாந்துக்குப் படிக்கப் போக இருந்த வழி ஏறக்குறைய அது ஒன்றுதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். சீன வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அங்கே மருத்துவம் படித்தது அதுவே முதல் முறை. லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி முடித்தார். லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடம் மலேரியா பற்றிக் கற்றார். கொசு மலேரியாவைச் சுமக்கிறது என்பதை இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த அதே ராஸ்தான். பிறகு ஜெர்மனியிலும் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலும் கிருமியியல் படித்துவிட்டு 1903-இல் ஊர் திரும்பினார்.

இவ்வளவு படித்தவருக்கு இங்கே கிடைத்தது என்ன? கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஓராண்டு ஆய்வுப் பணி, அவ்வளவுதான். அரசு மருத்துவச் சேவையின் உயர் பதவிகள் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டும் என்பது அன்றைய ஏற்பாடு. மற்றவர்கள் எவ்வளவு படித்திருந்தாலும் துணைநிலைப் பதவிகள்தான். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து மலாயா மருத்துவமனைகளில் உழைத்த நம்மவர்களுக்கும் இதே கதைதான். வெள்ளைக்கார டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை தோட்டத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருபவர் டிரெசர்தான்.

அந்த ஓராண்டில் வூ ஆராய்ந்த நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் வீங்கி, மரத்துப்போய், கடைசியில் இதயம் நின்றுவிடும் நோய் அது. ஈயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அதற்குப் பலியானார்கள். பக்கத்துத் தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கோ அது அவ்வளவாக வரவில்லை. இந்தப் புதிரை அவிழ்த்தவர் வூ அல்ல. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் முதலானோர் சில ஆண்டுகளில் காரணத்தை நெருங்கினார்கள். சீனர்கள் தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்டார்கள், தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்கள் ருசிக்காகவும் பழக்கத்துக்காகவும் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய புழுங்கல் அரிசி, அவர்களுக்கே தெரியாமல் உயிரைக் காத்திருக்கிறது. பின்னாளில் அந்தச் சத்துக்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

1904-இன் இறுதியில் வூ பினாங்கு திரும்பிச் சொந்தமாக கிளினிக் தொடங்கினார். வந்த நோயாளிகளில் எத்தனையோ பேர் அபினுக்கு அடிமையானவர்கள். அன்றைய மலாயாவில் சண்டு பிடிப்பது சட்டப்படி குற்றமல்ல. அரசே குத்தகைக்கு விட்டு நடத்திய வியாபாரம் அது. நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து வந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். கூலியை ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கிக்கொள்கிற கணக்கு.

வூ பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1906-இல் ஈப்போவில் நடந்த அபின் எதிர்ப்பு மாநாட்டுக்கு ஏறக்குறைய 2,000 பேர் வந்தார்கள். குத்தகைதாரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இது எப்படி இனிக்கும்? அடுத்த ஆண்டே அவருடைய மருந்து அலமாரியில் சோதனை நடந்தது. கடையில் மூட்டை மூட்டையாக அபின் விற்கலாம், அதை எதிர்த்த மருத்துவர் ஒரு அவுன்ஸ் மருந்து வைத்திருந்தால் குற்றம்.

ஒன்றையும் இங்கே மறைக்க வேண்டாம். சட்டத்தின் எழுத்துப்படி அவரிடம் பிழை இருந்தது. ஆபத்தான மருந்தை வைத்திருக்க அனுமதி வேண்டும், கணக்கு வேண்டும் என்ற கட்டுப்பாடு நல்ல கட்டுப்பாடுதான். இன்றும் நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டமும் ஆபத்தான போதைப்பொருள் சட்டமும் இத்தகைய மருந்துகளைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. அதனால்தான் மருந்துக் கடைக்காரர் சில மருந்துகளைச் சீட்டு இல்லாமல் தர மறுக்கிறார். அதற்காக அவரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. வூ விஷயத்தில் உறுத்துவது சட்டமல்ல, அது யார் மீது எப்போது பாய்ந்தது என்பதுதான்.

அந்த வழக்கு அவர் மனத்தை மிகவும் காயப்படுத்தியது. அந்த வேளையில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியன்ஜின் நகரில் இருந்த இராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராக வரும்படி யுவான் ஷிகாய் கேட்டிருந்தார். 1908-இல் வூ மனைவியோடு புறப்பட்டார். மாண்டரின் அவருக்குச் சரியாக வராது. அங்கே போய் ஆசிரியர் வைத்துப் படித்தார்.

1910 டிசம்பரில் வடகோடியிலிருந்து செய்தி வந்தது. மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மக்கள் இரத்தம் கக்கி, ஓரிரு நாட்களில் செத்து விழுகிறார்கள். போய்ப் பார்க்க யாரும் முன்வரவில்லை. 31 வயது வூ ஒரு மூத்த மாணவரை உடன் அழைத்துக்கொண்டு, ஒரு நுண்ணோக்கியோடு ரயில் ஏறினார். டிசம்பர் 24-ஆம் நாள் ஹார்பினில் இறங்கினார். வெளியே பூச்சியத்துக்கும் கீழே 25, 30 டிகிரி குளிர். பினாங்கில் பிறந்து வளர்ந்த உடம்பு அதை எப்படித் தாங்கியதோ!

மூன்றாம் நாளே ஓர் உடலை அறுத்துப் பார்த்தார். இறந்தவர் விடுதி நடத்திய சீனர் ஒருவரின் ஜப்பானிய மனைவி. பிணத்தை அறுப்பது சீன மரபில் பெரும் பாவம், சட்டமும் இடம் தரவில்லை. அதனால் காரியம் இரகசியமாகவே நடந்தது. நுரையீரலிலும் இரத்தத்திலும் பிளேக் கிருமி நிறைந்திருந்தது.

பிளேக் என்றால் அப்போது எல்லோர் நினைவிலும் பம்பாய்தான். அங்கே 1896-இல் தொடங்கிய பிளேக் எலிகளாலும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளாலும் பரவியது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். ஹார்பினிலோ யாருக்கும் நெறி கட்டவில்லை. எல்லோரும் இருமினார்கள். எலிகளைப் பிடித்துச் சோதித்தபோது அவற்றில் கிருமி இல்லை. எனவே இது மனிதரிடமிருந்து மனிதருக்கு, இருமலில் தெறிக்கும் துளிகளால், மூச்சுக்காற்று வழியே பரவும் நுரையீரல் பிளேக் என்று வூ முடிவு கட்டினார். இன்று சின்னப் பிள்ளைக்கும் புரிகிற இந்தச் செய்தியை அன்று பெரிய மருத்துவர்களே ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்களில் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி. தியன்ஜின் மருத்துவக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், முன்பு பிளேக்கைக் கண்டவர். தலைமைப் பொறுப்பைத் தனக்கே தர வேண்டும் என்று எண்ணினார். முகத்தைத் துணியால் மூடச் சொன்ன இளைஞர் மீது இன வெறுப்போடு சீறினார். வூ உடனே தந்தியடித்துப் பதவி விலக முன்வந்தார். பெய்ஜிங் அதை ஏற்காமல் அவரையே பொறுப்பில் வைத்தது. மெஸ்னி முகக்கவசம் அணியாமல் ரஷ்ய மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைச் சோதித்தார். சில நாட்களில் காய்ச்சல் வந்தது. 1911 ஜனவரி 11-ஆம் நாள் இறந்தார்.

ஊர் நடுங்கிப்போனது. அதன் பிறகு தெருவில் முகக்கவசம் இல்லாதவரைக் காண்பது அரிதாயிற்று. ஒரு மருத்துவரின் சாவுதான் மற்றவர்களை நம்பவைத்தது என்பது கசப்பான உண்மை. வூவுக்கு அதில் வெற்றிக் களிப்பு எதுவும் இருந்திருக்க முடியாது. மெஸ்னியும் நோயாளிகளைக் காப்பாற்றத்தான் அவ்வளவு தூரம் போனார்.

அந்த முகக்கவசம் மிக எளிமையானது. அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படும் மெல்லிய துணியை மூன்றடி நீளப் பட்டையாக வெட்டி, மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, இரு முனைகளையும் கிழித்துத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சில காசு செலவு, யாரும் செய்துவிடலாம். முகக்கவசத்தையே வூதான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஐரோப்பாவில் அறுவை மருத்துவர்கள் அதற்கு முன்பே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நோயாளிக்கும் மருத்துவருக்கும் தாதிக்கும் பிணம் தூக்குபவருக்கும் தெருவில் போகிறவருக்கும் சேர்த்து, ஒரு கொள்ளைநோயைத் தடுக்கும் கருவியாக அதை மாற்றியது அவருடைய வேலை.

முகக்கவசம் மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். ஹார்பினின் சீனர் பகுதியான ஃபூஜியாதியெனில் சுமார் 24,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அதை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வட்டாரத்துக்கு ஒரு கைப்பட்டை. ஒரு வட்டாரத்தார் அனுமதியின்றி அடுத்த வட்டாரத்துக்குள் போக முடியாது. வீடு வீடாக நோயாளிகளைத் தேடினார்கள். நோயாளியோடு பழகியவர்களைத் தனியே வைக்க இடமில்லை. ரஷ்யர்களிடம் 120 சரக்கு ரயில் பெட்டிகளை இரவல் வாங்கி, உள்ளே அடுப்பு வைத்து அவர்களைத் தங்கவைத்தார். காய்ச்சல் வராதவர்கள் சில நாட்களில் கையில் முத்திரையோடு வீடு திரும்பினார்கள்.

பினாங்கில் வளர்ந்தவருக்குத் தனிமைப்படுத்தல் புதிதல்ல. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த நம் முன்னோர்கள் கரையேறும் முன் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில்தான் தடுத்து வைக்கப்பட்டார்கள். அந்தத் தீவின் நினைவு பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை இனிமேல்தான் வந்தது. இடுகாட்டில் 2,000-க்கும் மேற்பட்ட பிணங்கள் சவப்பெட்டிகளிலும் வெறுமனேயும் கிடந்தன. நிலம் பாறைபோல் உறைந்திருந்ததால் குழி தோண்ட முடியவில்லை. உறைந்த உடலில் கிருமி வாழும், எலி கடித்தால் மறுபடியும் ஊருக்குள் வரும் என்று வூ அஞ்சினார். எரிப்பதுதான் ஒரே வழி. பிணத்தை எரிப்பது நமக்கு இயல்பு. சீனர்களுக்கு அப்படியல்ல, முன்னோர் உடலை மண்ணில் முறையாக அடக்கம் செய்யாவிட்டால் வம்சத்துக்கே குற்றம். வூ தாமாக ஆணையிடாமல் உள்ளூர்ப் பெரியவர்களை அழைத்துப்போய் இடுகாட்டைக் காட்டினார். பிறகு பேரரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார். மூன்று நாளில் அனுமதி வந்தது. சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், 1911 ஜனவரி 31-ஆம் நாள், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

அதன் பிறகு சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. மார்ச் 1-ஆம் நாள் ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். ஃபூஜியாதியெனில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். மஞ்சூரியா முழுதும் சேர்த்து ஏறக்குறைய 60,000 பேர். நோய் கண்டவர்களில் பிழைத்தவர் அநேகமாக இல்லை, ஏனென்றால் மருந்தே கிடையாது. பிளேக்கைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இருந்தது. கையில் மருந்து இல்லாத மருத்துவர் நோய் அடுத்தவருக்குப் போகாமல் தடுப்பதையே வைத்தியமாகச் செய்தார்.

அந்த ஏப்ரலில் முக்டென் நகரில் அனைத்துலக பிளேக் மாநாடு நடந்தது. 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டவர்களில் ஒருவரான ஜப்பானிய அறிஞர் கிடசாடோவும் வந்திருந்தார். தலைவர் நாற்காலியில் 32 வயது பினாங்குக்காரர்.

பிறகு வந்த ஆண்டுகளில் மஞ்சூரியாவில் நிரந்தரப் பிளேக் தடுப்புச் சேவையை அமைத்தார். உடற்கூறு ஆய்வுக்கு அனுமதி தரும் சட்டம் சீனாவில் 1913-இல் வர அவருடைய முயற்சி முக்கியக் காரணம். 1915-இல் சீன மருத்துவச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். துறைமுகங்களில் நோய்த்தடுப்புச் சோதனை வெளிநாட்டவர் கையில் இருந்ததை மாற்றி, 1930-இல் தேசியச் சேவையாக்கி நடத்தினார். நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் விடாமல் தேடினார். தார்பகான் என்ற மலை அணில் இனத்தைத் தோலுக்காக வேட்டையாடியவர்களிடமிருந்துதான் அது கிளம்பியது. அனுபவமுள்ள வேடர்கள் நோயுற்ற விலங்கைத் தொட மாட்டார்கள். தோல் விலை ஏறியதும் ஓடிவந்த புது ஆட்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. இந்தப் பணிக்காக 1935-இல் அவர் பெயர் மருத்துவ நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

சொந்த வாழ்க்கை அவ்வளவு பரிவு காட்டவில்லை. மகன்களில் இருவரைச் சீனாவில் இருந்த காலத்தில் பறிகொடுத்தார். 1937-இல் முதல் மனைவி ரூத் காலமானார். அதே ஆண்டு ஜப்பானியக் குண்டுவீச்சில் ஷங்காய் வீடு போயிற்று. முப்பது ஆண்டு உழைப்பை விட்டுவிட்டு 58 வயதில் மலாயா திரும்பினார்.

ஒரு காலத்தில் அபின் எதிர்ப்பு மாநாடு நடத்திய அதே ஈப்போவில், அன்று பிரூஸ்டர் சாலை என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில் சாதாரண டாக்டராக கிளினிக் திறந்தார். பேரரசுக்கு விண்ணப்பம் எழுதிய கை மறுபடியும் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்துச் சீட்டு எழுதியது. இல்லாதவர்களிடம் பணம் வாங்க மாட்டார் என்று ஈப்போவில் சொல்வார்கள். ஜப்பானியர் ஆட்சியில், 1943-இல் எதிர்ப்புப் படையினர் அவரைக் கடத்திப் பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். பணம் கொடுத்ததற்காக ஜப்பானியர்கள் அவரைப் பிடிக்க வந்தார்கள். முன்பு அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு ஜப்பானிய அதிகாரியின் தயவால் தப்பினார்.

போருக்குப் பிறகு ஈப்போவில் பொது நூலகம் அமைய நிதி திரட்டினார். இன்றைய துன் ரசாக் நூலகத்தின் தொடக்கம் அதுதான். தம்மிடமிருந்த ஆயிரக்கணக்கான நூல்களைச் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 80 வயது வரை நோயாளிகளைப் பார்த்தார். தம் வாழ்க்கை வரலாற்றை 600 பக்கங்களுக்கும் மேல் எழுதி முடித்தார். 1959-இல் கேம்பிரிட்ஜில் அது புத்தகமாக வந்தது.

ஓய்வுக்காகப் பினாங்கில் புது வீடு வாங்கி, பிறந்த ஊருக்கே குடிபோனார். அங்கே அதிக நாள் இருக்கவில்லை. 1960 ஜனவரி 21-ஆம் நாள் பக்கவாதத்தால் காலமானார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு விளையாட்டு இல்லத்துக்கும், ஈப்போ கார்டன் பக்கம் ஒரு சாலைக்கும் இன்று அவர் பெயர் இருக்கிறது.